டஜன் கணக்கில் கண்ணாடி வாங்காதீர்கள்: கண் முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பகுதிகளில் இலவசக் கண் முகாம் நடத்தும் தமிழ் மன்றத்தாருக்கு,

வணக்கம். மும்பையில் லென்ஸ் தீட்டிப் பிரேமில் பொருத்தும் தொழிலில் இருப்பவர்கள் எழுதுகிறோம். அடுத்த முகாமுக்கு +2.50 ரீடிங் கண்ணாடியை மொத்தமாக வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

1462-இல் மிலான் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்போர்சா, பிளாரன்சிலிருந்து மூன்று டஜன் கண்ணாடி வரவழைத்தார். தூரம் பார்க்க இளையோருக்கு ஒரு டஜன், கிட்டத்தில் பார்க்க முதியோருக்கு ஒரு டஜன், சாதாரணப் பார்வைக்கு ஒரு டஜன். கண்ணை அளக்கும் முறையே இல்லாத காலம் அது, வேறு வழியில்லை. நாற்பது தாண்டிய எல்லாருக்கும் ஒரே பவரைக் கொடுக்கும் முகாம் இன்னும் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

வயதாக ஆக, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துவிடுகிறது. அதுதான் வெள்ளெழுத்து. தூரப் பார்வையில் குறையில்லாத 45 வயதுக்காரருக்கு +1.00 அல்லது +1.25 போதும். 50 வயதில் +1.50 அளவு, 60 தாண்டினால் +2.50-ஐ ஒட்டி வரும். வயதைவிட முக்கியம் வேலை செய்யும் தூரம். கிட்டத்தில் குவிக்கும் கண்ணின் சொந்த வலு தீர்ந்துவிட்டவருக்கு, 100-ஐ அந்தத் தூரத்தின் சென்டிமீட்டரால் வகுத்தால் பவர் கிடைக்கும். 40 செ.மீ. என்றால் 2.50, 50 செ.மீ. என்றால் 2.00. தையல் மெஷினில் ஊசி 50 செ.மீ. தள்ளியிருந்தால் +2.50 போட்டவருக்கு அது மங்கும். நாள் முழுக்கக் குனிந்தே தைப்பார், கழுத்து வலிக்கும். ஆகவே என்ன வேலை என்று கேளுங்கள். இன்ச் டேப் வைத்துக் கண்ணிலிருந்து கை வரை அளந்து எழுதுங்கள்.

அடுத்தது பி.டி., அதாவது இரண்டு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம். முகாம்களில் அதிகம் தவறுவது இதுதான். கிட்டத்தில் பார்க்கும்போது ஒருவருக்கு 56 மி.மீ. இருக்க, கண்ணாடியில் லென்ஸ் மையங்கள் 64 மி.மீ. தள்ளியிருந்தால் ஒவ்வொரு கண்ணும் மையத்தைவிட்டு 4 மி.மீ. விலகிப் பார்க்கிறது. 0.4 செ.மீ.-ஐ 2.50-ஆல் பெருக்கினால் 1 பிரிசம் (ஒளி பக்கவாட்டில் வளையும் அளவு). இரு கண்ணுக்கும் சேர்த்து 2. அந்த அளவுக்குக் கண்கள் கூடுதலாக உள்ளே திரும்ப வேண்டும். எழுத்து தெளிவாகத்தான் தெரியும், அரை மணியில் தலைவலி வரும். கண்ணாடியே ஆகவில்லை என்று எடுத்துவைத்துவிடுவார்கள்.

சிலிண்டர் பவருக்கு வருவோம். கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாதவருக்குத் தேவைப்படுவது அது. இந்தக் குறையைத் தாமஸ் யங் 1801-இல் விவரித்தார். வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1825-இல் தன் கண்ணுக்கே சிலிண்டர் லென்ஸ் செய்வித்துக்கொண்டார். கண்ணாடி பிறந்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் காத்திருந்து கிடைத்த திருத்தம் இது. மொத்தமாக வாங்கும் ரெடிமேட் ரீடிங் கண்ணாடியில் கிடையாது. செய்து கொடுத்தாலும் ஆக்சிஸ், அதாவது சிலிண்டர் நிற்க வேண்டிய கோணம், 30 டிகிரி பிசகினால் பயன் முழுக்கப் போய்விடும். வட்டப் பிரேமில் ஸ்க்ரூ தளர்ந்தால் லென்ஸ் சுற்றிக்கொள்ளும். சிலிண்டர் உள்ளவருக்கு வட்டப் பிரேம் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு, பவர் அளக்கும் மெஷினில் வரும் நம்பரை அப்படியே எழுதவே எழுதாதீர்கள். மெஷினுக்குள் பார்க்கும்போது குழந்தையின் கண் தானாகவே கிட்டத்துக்குக் குவியும். இல்லாத மைனஸ் பவர் காட்டும். கண் குவிவதைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மூக்குக் கண்ணாடி 1286-ஐ ஒட்டி இத்தாலியில் பிறந்தது. முதலில் செய்தவர் முறையைச் சொல்லவில்லை. பீசா நகரத் துறவி அலெசாந்த்ரோ டெல்லா ஸ்பினா, பார்த்தே கற்றுச் செய்து எல்லாருக்கும் மனமுவந்து கொடுத்தார். நீங்கள் செய்வதும் அந்த வழியில் வந்த தொண்டு. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

முகாம் நாளில் அளவு மட்டும் எடுங்கள். கண்ணாடியை வேறொரு நாளில் கொடுங்கள். அட்டையில் இரு கண் பவர், சிலிண்டர், ஆக்சிஸ், பி.டி., வேலைத் தூரம் ஐந்தும் இருக்கட்டும். கொடுக்கும் நாளில் காதுக் கம்பியையும் மூக்குப் பட்டையையும் முகத்துக்கு ஏற்ப வளைத்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். அந்த வேலைக்கு நாங்கள் கருவிகளோடு வந்து உட்காருகிறோம், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
மும்பைத் தமிழ்க் கண்ணாடித் தொழிலாளர்கள்