அன்பியம் வசூலுக்கு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, வயதானவர்கள் மட்டும் பூட்டிய அறைகளுக்கு நடுவே காலம் தள்ளும் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களும் அந்த நிலைக்கு வந்து வெகுநாளாகிறது. அந்தப் பெரிய வீடுகளின் வளவும் பட்டாலையும் எங்கள் வீடுகளுக்கு இல்லை என்பதே வேறுபாடு.

கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதிகளில்) அன்பியம் என்ற ஏற்பாடு உண்டு. அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் இருபது, முப்பது குடும்பத்தார் மாதம் ஒரு முறையாவது ஒருவர் வீட்டில் கூடி, விவிலியத்தில் ஒரு பகுதியை வாசித்து, அதைத் தங்கள் பாடுகளோடு சேர்த்துப் பேசுவார்கள். தென்னிந்தியத் திருச்சபையாரின் வீட்டு ஜெபக்கூட்டமும் ஏறக்குறைய இதுவே. இது புதுமையன்று, ஆலயம் என்று தனிக் கட்டடம் இல்லாத கிறிஸ்தவத்தின் தொடக்கக் காலத்தில் பிலமோன் வீட்டிலும், அக்கிலா பிரிஸ்கில்லா தம்பதியர் வீட்டிலுமே சபை கூடியது.

எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. கூட்டம் எந்த வீட்டில் நடந்தாலும் முதல் ஆளாக வந்து கோரைப்பாயை விரிப்பவர் அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. வாசகத்தைக் காதால் கேட்டே மனத்தில் வைத்துக்கொள்வார். ஒரு வியாழன் மாலை பாய் சுருட்டியபடியே சுவரில் சாய்ந்திருந்ததைப் பார்த்து, "ஆத்தா வரலையா?" என்று ஒரு சிறுவன் கேட்ட பிறகுதான் நாங்கள் போய்க் கதவைத் தட்டினோம். கிணற்றடியில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்தார். நானூறு பேர் கூடும் ஞாயிறு திருப்பலியில் அவர் இல்லாததை யார் கவனித்திருப்பார்கள்? பங்குத்தந்தையையும் குறை சொல்வதற்கில்லை. தாய்க்கோவிலோடு கிளைக் கிராமங்களையும் பார்க்கும் ஒருவரால் எத்தனை வாசற்படி ஏற முடியும்?

இங்கே ஒரு பழைய செய்தியைக் குறிப்பிட வேண்டும். 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சங்கத்தார் தங்கள் கூடத்தின் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி தண்டுவதென்று முடிவு செய்து, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் வீதம் பிரித்தனர். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள், அங்கே நோயையும் குடியையும் சண்டையையும் நேரில் கண்டார்கள். காசுக்காகப் பிரிந்த குழு, அதன்பின் ஒருவரையொருவர் விசாரித்துத் தாங்கும் குழுவாக மாறியது.

நாங்கள் எதிர்த் திசையில் போகிறோம். எங்கள் அன்பியத்தில் கடந்த ஆண்டுக் கூட்டங்களில் பாதி, சந்தா பாக்கியை வாசிப்பதிலும், திருவிழா உபயத்துக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பதிலுமே கழிந்தது. செபமாலை முடிந்ததும் கணக்கு நோட்டு வந்துவிடும். வாசகத்தைப் பற்றி யாராவது பேச வாயெடுத்தால், நேரமாகிறது என்பார்கள். (சுக்குமல்லிக் காப்பிக்கு மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிடுகிறது.) வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, செட்டிநாட்டு நகரத்தார் புள்ளி வரி (மணமான தம்பதிக்கு இவ்வளவு என்ற வரி) தண்டிக் கோயில் காரியம் நடத்துவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரி நான். ஆனால் பாக்கி உள்ளவர் பெயரைப் பத்துப் பேர் நடுவே வாசித்தால், அவர் அடுத்த மாதம் வரமாட்டார். சித்தாள் வேலை இல்லாமல் பாக்கி வைத்தவர்தான் நாம் முதலில் விசாரிக்க வேண்டியவர். அவரையே நோட்டு வெளியே தள்ளிவிடுகிறது. இவ்வாறு நின்றுபோன மூன்று குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஆகவே, கணக்கைப் பங்குப் பேரவை தனியே பார்த்துக்கொள்ளட்டும். அன்பியத்தில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை முதலில் கேட்டு, அந்த வீட்டுக்கு இரண்டு பேர் அன்றிரவே போய் வரட்டும் என்று எங்கள் பங்கில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. நோட்டு இப்போதைக்கு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சென்ற கூட்டத்துக்கு அதை நான் எடுத்துச் செல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தேவகோட்டை