மணலைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கோல் ஊன்றாமல் வாசல்வரை நடந்தாய் என்று படித்ததும் மனசு குளிர்ந்தது. மாடிப்படிக்கு மட்டும் அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி பத்தாம் வகுப்புப் பரீட்சையை முடித்துவிட்டு, இரண்டு நாளாகத் தூங்கித் தீர்க்கிறாள்.

"துர்க்மெனிஸ்தானில் அப்படி என்ன இருக்கிறது? மணலைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்று கேட்டிருந்தாய். மணலைப் பார்க்கத்தான் போனேன் மல்லிகா. உலகப் படத்தில் காராகும் பாலைவனத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டியே எத்தனை வருஷத்தை ஓட்டியிருப்போம்! காராகும் என்றால் கறுப்பு மணல். நாட்டில் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் குறையாமல் அதுதான். ஒருநாளாவது அதன் மேல் வெறுங்காலோடு நிற்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருந்தது.

நினைத்தபடி சுற்ற முடியாத நாடு. அழைப்புக் கடிதம், விசா, கூடவே வரும் வழிகாட்டி எல்லாம் பயண நிறுவனம் மூலமாகத்தான். அரசியல் பேச்சு வந்தால் அங்குள்ளவர்கள் மெல்ல வேறு பேச்சுக்கு மாறிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாகவே இருந்தது. தலைநகர் அஷ்காபாத் முழுக்க வெள்ளைப் பளிங்கு. 1948 அக்டோபர் 6ஆம் தேதி விடியுமுன் வந்த பூகம்பத்தில் ஊரே தரைமட்டமாகி, பிறகு எழுந்த நகரம். அகலமான வீதிகள், நடமாட்டம் குறைவு. இரண்டு நாள் போதும்.

மூன்றாம் நாள் வடக்கே கிளம்பினோம். ஏப்ரல் மாதம் அங்கே வசந்தம். மணல்மேட்டில் புல் பச்சைபிடித்து, இடையிடையே சிவப்பாகப் பாப்பிப் பூக்கள். சாலையோரம் ஓர் ஆமை தலையை நீட்டிக்கொண்டு போனது. வருஷத்தில் இந்தச் சில மாதம்தான் அது வெளியே வந்து மேயும், மிச்ச நாளெல்லாம் மண்ணுக்குள் தூக்கம் என்றார் டிரைவர். வண்டியை நிறுத்தி, அது சாலையைக் கடக்கும்வரை நின்றுவிட்டுத்தான் புறப்பட்டார்.

எர்பெந்த் என்ற ஊரைத் தாண்டி ஓரிடத்தில் இறங்கினோம். இந்தக் கடிதமே அந்த இடத்தைப் பற்றித்தான். மணல்மேடுகளுக்கு நடுவே களிமண் தரை, கால்பந்து மைதானம் மாதிரி மட்டமாக, வெயிலில் இறுகிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தக்கீர் என்கிறார்கள். நம் வீட்டு முற்றத்துச் சிமெண்டுத் தரை போலத்தான், மழை விழுந்தால் உள்ளே இறங்காது. வருஷத்துக்கு நூறு மில்லிமீட்டர் முன்னே பின்னே பெய்கிற அந்தக் கொஞ்ச மழையையும் அவர்கள் விடுவதில்லை. தக்கீரில் கால்வாய் கீறி, தண்ணீரை ஓரத்து மணல் பள்ளத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். அது மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் தனியாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் கனம் குறைவு, உப்புத் தண்ணீர் கனம் கூட. அந்த மேல் தண்ணீரை மட்டும் எட்டுகிற மாதிரி கிணறு. ஆசைப்பட்டு நிறைய இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும்.

வழிகாட்டிப் பையன் இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எனக்கு உங்கள் அம்மா குரல்தான் காதில் கேட்டது. வேதாரண்யத்து வீட்டுக் கொல்லையில், மணல் ஊற்றில் நாம் குடம் நிரப்பும்போது, "மேலாப்ல மொள்ளுங்கடி, அடியக் கலக்குனா கரிச்சிரும்" என்பார்களே, அந்தக் குரல். கடலோர மணலிலும் அதே கணக்கு, கடலே இல்லாத பாலையிலும் அதே கணக்கு. கிணற்றடியில் நின்று அழுதேவிட்டேன். பையன் பதறிப்போனான்.

அந்தக் கிணற்று வீட்டு அம்மாவை எல்லோரும் எஜே என்றார்கள். அம்மா என்று அர்த்தம். தம்தீர் அடுப்பிலிருந்து வட்ட ரொட்டி எடுத்துத் தந்தார். நம்மூர் ஆட்கள் சொல்கிற தந்தூர்தான் அது. ரொட்டியை நான் தெரியாமல் கவிழ்த்து வைத்ததும், ஒரு வார்த்தை பேசாமல் நிமிர்த்தி வைத்தார். ரொட்டியைக் கவிழ்ப்பது அங்கே அவமரியாதை. பச்சைத் தேநீரைக் கோப்பையில் ஊற்றுவதும் மறுபடி கெட்டிலிலேயே கொட்டுவதுமாக மூன்று தடவை செய்தபிறகுதான் என் கையில் கொடுத்தார். நீ கட்டித் தந்த எலுமிச்சை ஊறுகாயைக் கொஞ்சம் கொடுத்தேன். நாக்கில் வைத்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிரித்தார், பிறகு இன்னொரு துண்டு ரொட்டியைப் பிய்த்தார். "ஒரு துளி தண்ணீர் ஒரு மணி தங்கம்" என்பது அவர்கள் பழமொழி. ஏப்ரல் முதல் ஞாயிறன்று அந்தப் பெயரிலேயே விழா எடுக்கிறார்கள்.

அன்றிரவு தர்வாசாவில் அந்தப் பிரசித்தி பெற்ற எரிவாயுக் குழியைப் பார்த்தோம். அகலம் எழுபது மீட்டர் இருக்கும். சோவியத் காலத்தில் தோண்டப்போய் நிலம் உள்வாங்கி, பிறகு தீப்பிடித்தது என்கிறார்கள். இப்போது தீ முன்னளவுக்கு இல்லை. பலர் அதற்காகவே வருகிறார்கள். எனக்கு அதைவிட, குழிக்கு முதுகைக் காட்டி நின்றபோது தெரிந்த வானம்தான் பெரிதாக இருந்தது. சத்தமே இல்லை, என் மூச்சு எனக்கே கேட்டது.

பிறகு கிழக்கே மெர்வ். முர்காப் ஆறு ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து வந்து, கடலைப் பார்க்காமலேயே மணலில் மறைகிறது. அது மறைகிற இடத்தில் கட்டிய நகரம். ஒரு காலத்தில் உலகத்துப் பெரிய நகரங்களில் ஒன்று. ஒன்றின் மேல் ஒன்றாக இல்லாமல், பக்கத்தில் பக்கத்திலேயே வேறு வேறு காலத்துக் கோட்டைகள் கிடக்கின்றன. 1221இல் மங்கோலியர் அழித்தார்கள். மறுபடி சிறிதாகத் துளிர்த்த ஊரை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகாரா அமீரின் படை வந்து ஆற்று அணையை உடைத்துக் காலி செய்தது. வாளுக்குப் பிறகும் பிழைத்த ஊர், அணை போனதும் எழுந்திருக்கவில்லை. சுல்தான் சஞ்சாரின் 12ஆம் நூற்றாண்டுக் கல்லறை மாடம் தனியே நிற்கிறது. தரையெங்கும் நீலப்பூச்சு ஓட்டுத் துண்டுகள். ஒன்றை எடுத்து, தடவிப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அதற்கும் வடக்கே, கரடுமுரடான மணல் பாதையில், கோனூர். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஊர். விக்தர் சரியானிதி என்ற தொல்லியல் அறிஞர் தோண்டியெடுத்தது. ஆறு விலகிப் போனதால் கைவிடப்பட்டது. அங்கே கிடைத்தவற்றில் யானை பொறித்த சிந்துவெளி முத்திரை ஒன்றும் உண்டு. யானையைக் கண்டிராத மண்ணில் யானை! எந்த வியாபாரி கொண்டுபோனானோ.

1954இல் வெட்டத் தொடங்கிய காராகும் கால்வாயையும் கடந்தோம். ஆமு தரியா ஆற்றிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. கரைக்குப் பூச்சு இல்லாததால் மணலே நிறையக் குடித்துவிடுகிறது. அந்த ஆற்றை நம்பியிருந்த ஆரல் கடல் வற்றியதில் இந்தக் கால்வாய்க்குப் பெரிய பங்கு. கால்வாய்க் கரையில் பச்சை வயல் கண்ணுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் எஜேயின் கிணற்றைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அதை ரசிக்க முடியவில்லை.

உன் பையன் கொல்லையில் ஆழ்துளை போட்டு மோட்டார் வைக்கலாம் என்கிறான், என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாயே. வேண்டாம் மல்லிகா. பழைய ஊற்றைத் தூர்க்காமல் வை. இப்போது தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது, கரிக்கிறதா என்று அவனை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் சரோஜா