செங்கோட்டையிலிருந்து அம்மா

அன்புள்ள கோமதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. ஐந்தருவியில் கால் வைக்க இடமில்லையாம், அப்பா போய்விட்டுக் குளிக்காமலே திரும்பினார். பிரானூர் பார்டரில் புரோட்டாவுக்குக் கேரளா வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. வேறு விசேஷம் இல்லை. ராத்திரி தூங்குகிறாயா?

ஒரு வார்த்தைகூட எழுதாமல் ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் அனுப்பியிருந்தாய். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு 210. இதெல்லாம் நம் வீட்டில் யாருக்குப் புரியாது? சிஆர்பி 4.8 என்பதுதான் புரியவில்லை. தென்காசி டாக்டரிடம் காட்டினேன். உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால் ஈரல் அந்தப் புரதத்தைக் கூடுதலாக ரத்தத்தில் விடுமாம். உன்னைப் போல பைபோலார், அதாவது மனசு ஏறி இறங்குகிற நோய், உள்ளவர்களுக்குப் பொதுவாகவே கொஞ்சம் கூடியிருக்குமாம், மனசு எகிறி நிற்கிற நாட்களில் இன்னும் ஏறுமாம். ஆனால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சளி பிடித்தாலும் ஈறு வீங்கினாலும் ஏறும், வயிற்றுக் கொழுப்பாலும் ஏறும் என்றார். அந்தக் கடைவாய்ப் பல் இன்னும் வலிக்கிறதா? வலிக்கிறதே என்று நீயாகக் கடையில் இபுப்ரோஃபென் வாங்கிப் போடாதே. நீ மனசுக்குப் போடுகிற லித்தியம் மாத்திரை ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறிவிடும். போன வருஷமும் இதையேதான் சொன்னேன்.

எர்ணாகுளத்தில் தனியாக இருந்து பத்துப் பேரிடம் வேலை வாங்குகிறாய். தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. பெற்றவளுக்கு ஒரு போன் செய்யத்தான் நேரமில்லை. ராத்திரி 3 மணிக்கு வாட்ஸ்அப்பில் இருக்க நேரம் இருக்கிறது. நாலு நாளாகப் பார்க்கிறேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆபீஸ் வேலையாகவும் இருக்கலாம். எதுவானாலும் தூங்கு.

எடை கூடியதற்கு உன் வாயைக் குறை சொல்லவில்லை. நீ போடுகிற இன்னொரு மாத்திரை, அந்த ஓலன்சபைன், பசியைக் கிளப்பிவிடும். மாத்திரையை மாற்றலாமா, சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினைச் சேர்க்கலாமா என்று உன் டாக்டரைக் கேள். நீயாகக் குறைக்காதே.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை கோமதி. பெண் பார்க்க வந்த அந்த ஆடி மாதத்துக்கு முன்னால், டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் என்று உன்னிடம் சொன்னேனே, அவர் சொல்லவே இல்லை. பிள்ளை ஊதிப்போய் இருக்கிறாளே, வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று நானாக உடைத்துக் கொடுத்தேன். புனலூர் ஸ்டேஷனில் வைத்து, ஒழுங்காக மாத்திரை போட்டால் என்ன என்று அப்பா உன்னைக் கத்தினார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு இன்றுவரை தெரியாது.

நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். பிரஷருக்கு நல்லது என்று யாராவது சொன்னால் திடீரென்று உப்பை விட்டுவிடாதே, அதுவும் லித்தியத்துக்கு ஆகாது.

சனிக்கிழமை ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். நீதான் வரச் சொன்னாய் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். காட்டிக் கொடுத்துவிடாதே.

அம்மா