குன்றக்குடி ரோட்டில் உதவிய அண்ணனுக்கு நன்றி

போன வெள்ளிக்கிழமை அம்மாவைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போகும்போது, எங்கள் பழைய காரில் சூடு காட்டும் முள் திடீரென்று சிவப்புக்கு ஏறிவிட்டது. இன்ஜின் போச்சு என்று பயந்து குன்றக்குடி தாண்டி ஓரங்கட்டினேன்.

அண்ணே, நான் கூப்பிடவே இல்லை, நீங்களாகத்தான் பைக்கை நிறுத்தினீர்கள். ரேடியேட்டர் ஹோஸை மெதுவாகத் தொட்டுப் பார்த்து, "கொதிக்கலையே தம்பி, பெட்ரோல் முள்ளும் சேர்ந்தா ஏறுச்சு?" என்று கேட்டீர்கள். ஆமாம், பாதி டேங்க்குக்கு ஃபுல் என்று காட்டியது, நான்தான் கவனிக்கவில்லை. ரெண்டும் ஒண்ணா ஏறினால் ரெண்டுக்கும் பொதுவான இடத்தைப் பார்க்கணும் என்று சொல்லி, அந்த வெயிலில் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, ரெண்டு மீட்டருக்கும் போகும் வோல்டேஜைக் குறைத்துச் சீராக வைக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரின் எர்த் (கார் பாடியோடு சேரும் இணைப்பு) துருப்பிடித்திருப்பதைக் கண்டுபிடித்தீர்கள். எர்த் இல்லாததால் சுமார் 10 வோல்ட் போகவேண்டிய மீட்டர்களுக்கு பேட்டரியின் 12 வோல்ட்டும் அப்படியே போயிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் ரெண்டு முள்ளும் மெல்ல இறங்கியதே, அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

காசு வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. காரைக்குடிப் பக்கம்தான் என்றீர்கள். இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணே, அம்மா உங்களுக்காகச் சீப்புச்சீடை செய்து வைத்திருக்கிறார்கள்.