தாமரைத் தொட்டியைக் கவிழ்க்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் டெங்கு தடுப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து, தேங்கிய நீரைக் கண்ட இடத்திலேயே கொட்டச் செய்கிறார்கள். மிகவும் தேவையான பணி அது. ஆனால் மொட்டை மாடியில் தாமரை வளர்ப்போரின் தொட்டிகளையும் பழைய டயர், உடைந்த குடம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணுவது வருத்தமளிக்கிறது. சென்ற ஐப்பசியில் நான் ஊரில் இல்லாத வேளையில், மூன்று ஆண்டுகளாக வளர்த்து வந்த என் தொட்டியின் நீர் முழுவதும் கொட்டப்பட்டது. மாலையில் திரும்பி வந்து பார்த்தபோது, கொசுப்புழுக்களைத் தின்பதற்காக விட்டிருந்த கப்பி மீன்கள் சேற்றின்மேல் செத்துக் கிடந்தன. மறுநாள் விரியவிருந்த மொட்டு, காம்பு ஒடிந்து தொங்கியது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள ஈரச் சுவரில் முட்டையிடுகிறது. அம்முட்டைகள் நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் அழியாமல் இருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கக்கூடியவை. ஆகவே உட்புற ஓரத்தைத் தேய்த்துக் கழுவாமல் நீரை மட்டும் கொட்டினால் பாதி வேலைதான் முடிகிறது. அது மட்டுமன்று, மீன்கள் செத்த தொட்டியில் அன்றிரவே மழைநீர் நிரம்புமானால், அதுவரை மீன்களுக்கு இரையாகி வந்த புழுக்கள் பத்து நாள்களுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும்.

வளர்ப்போருக்கும் இதில் பொறுப்பு உண்டு. இரண்டடி அகலமுள்ள தொட்டியில் அரையடிக்குக் குளத்துக் களிமண்ணும் அதற்குமேல் அரையடி நீரும் வைத்து, நான்கைந்து கப்பிகளை விட்டால் போதும். ஆனால் அவை உயிரோடு இருக்கின்றனவா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். உரத்தைக் காகிதத்தில் மடித்துச் சேற்றுக்குள் ஆழமாகப் புதைக்காமல் நீரில் தூவினால் மீன்கள் பிழைக்கா. பழுத்த இலைகள் நீரை மூடிக் கிடந்தால் மீன்களால் எல்லா இடத்துக்கும் போக முடியாது என்பதால், அவற்றை அவ்வப்போது நறுக்கிவிட வேண்டும். அப்படி நறுக்கும்போது காம்பை நீர்மட்டத்துக்கு மேலேயே வெட்டுவது நல்லது. உள்ளே காற்றுக் குழல்கள் ஓடுவதால், நீருக்குள் வெட்டினால் கிழங்குவரை நீர் இறங்கி அழுகல் தொடங்கும். பெருகிய மீன்களைக் குளத்திலோ பழையாற்றிலோ விடவே கூடாது. கப்பி நம் நாட்டு மீன் அன்று. உள்ளூர்ச் சிறுமீன்களுக்கு அது கேடு.

பணியாளர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். தொட்டியைச் சாய்க்கும் முன், வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் ஓரத்து நீரை மொண்டு ஒரு நிமிடம் பாருங்கள். புழு நெளிந்தால் தயங்காமல் கொட்டி, ஓரத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். அபராதம் விதித்தாலும் முறையே. புழு இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். மார்கழியில் இலை கருகிக் கிடக்கும் தொட்டியையும் பட்டுப்போனதாக எண்ண வேண்டாம். சேற்றுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாகர்கோவில்.