பந்தை எண்ணுங்கள்: பெண்கள் கிரிக்கெட் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் பள்ளிகளிலும் மன்றங்களிலும் பெண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லித்தரும் பயிற்றுநர்களுக்கும் அணிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி 2002 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் ஒருநாள் ஆட்டத்தை ஆடினார். 2022 செப்டம்பரில் லார்ட்ஸில் விடைபெற்றார். 204 ஒருநாள் ஆட்டங்கள், 255 விக்கெட்டுகள், 10,000 பந்துகளுக்கு மேல். வேகமாக வீசும் பெண்ணின் முதுகும் முழங்காலும் 20 ஆண்டு தாங்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இங்கோ நல்ல வேகம் உள்ள பிள்ளைகள் சிலர், பதினைந்து பதினாறு வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுழற்பந்துக்கு மாறிவிடுகிறார்கள். அது எங்களுக்குப் பெரிய வருத்தம்.

முதலில் பந்து. ஆண்கள் பந்து சுமார் 156 முதல் 163 கிராம்; பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம், சுற்றளவும் குறைவு. பயிற்சிப் பையில் இரண்டும் கலந்து கிடந்தால், சின்னக் கை பெரிய பந்தைப் பிடிக்க விரல்களை அகட்டும், மணிக்கட்டு சாயும், சீம் (பந்தின் தையல்) நேராக நிற்காது. ஆட்டத்தன்று சிறிய பந்து கைக்கு வந்ததும் தரையில் படாமலே பேட்டரை எட்டும் ஃபுல் டாஸாகப் போகும். பிள்ளையைத் திட்டாதீர்கள், பையைப் பிரித்து வையுங்கள்.

அடுத்தது, இந்த மடலை எழுதவைத்த காரணம்: வலைப்பயிற்சி. டி20 ஆட்டத்தில் ஒருவர் வீசுவது 4 ஓவர், 24 பந்து. வலையில் மூன்றே பேர் மாறி மாறி வீசினால் ஒரு மாலையிலேயே ஆளுக்கு 60 பந்து ஓடிவிடும், யாரும் எண்ணுவதில்லை. தேர்வுக்காக ஒரு மாதம் பந்தையே தொடாதவள் விடுமுறை தொடங்கியதும் மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆடுகிறாள். எலும்பை உடைப்பது மொத்த எண்ணிக்கையைவிட இந்தத் திடீர் ஏற்றம்தான். பதினைந்து வயதுக்குக் கீழ் ஒரு பயிற்சிக்கு 36 பந்து, வாரத்தில் இரண்டு பயிற்சி போதும். இடைவெளிக்குப் பிறகு முதல் வாரம் அதில் பாதி.

வீசும் முறையையும் பாருங்கள். பின்பாதம் தரையைத் தொடும்போது இடுப்பு பேட்டரைப் பார்த்தபடியும் தோள்கள் பக்கவாட்டில் திரும்பியும் இருந்தால், கீழ்முதுகு முறுக்கிக்கொள்ளும். கைப்பேசியில் மெதுவோட்டமாகப் பின்னாலிருந்து படம்பிடித்தால் தெரியும். பாதம் பேட்டரை நோக்கினால் மார்பும் அப்படியே நோக்கட்டும், பாதம் பக்கவாட்டில் என்றால் தோளும் பக்கவாட்டில். எந்த முறையும் சரிதான், கலப்புதான் ஆபத்து.

வலக்கையால் வீசுபவளுக்கு முதுகின் கீழே இடப்பக்கம் மட்டும் வலி, பின்னால் வளைந்தால் அதிகம் என்றால், தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள். முதுகெலும்பில் அழுத்த விரிசலாக இருக்கலாம். தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ வேண்டும். வீசுவதை அன்றே நிறுத்துங்கள், ஆறுவதற்கு மாதங்கள் ஆகும்.

நம் ஊர் மழையும் கணக்கில் வரவேண்டும். மின்னல் எச்சரிக்கையால் அரை மணி உட்கார்ந்து குளிர்ந்த உடம்போடு நேரே முழு வேகத்தில் வீசவைக்கிறோம். பத்து நிமிடம் ஓடி, மெதுவாகத் தொடங்கி ஆறு பந்து வீசியபிறகே ஓவரைக் கொடுங்கள். ஓடிவரும் புல் ஈரமாகவும் காலூன்றும் மேட் (ஆடுகள விரிப்பு) காய்ந்தும் இருந்தால் முன்கால் சட்டென்று பிடித்து முழங்கால் திருகும். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி அணியட்டும், ஓட்டத்தை இரண்டடி குறைக்கட்டும். வெப்ப அழுத்த அளவு (WBGT; வெறும் காற்றின் வெப்பநிலை அல்ல) 33 டிகிரியைத் தொட்டால் ஸ்பெல்லை, அதாவது ஒருவர் தொடர்ந்து வீசும் ஓவர்களை, இரண்டு ஓவரோடு முடியுங்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு: தேதி, வலையில் வீசிய பந்து, ஆட்டத்தில் வீசிய பந்து, வலி இருந்தால் எந்தப் பக்கம். பள்ளியிலிருந்து மன்றத்துக்கு மாறும்போது ஏடும் அவளோடு போகட்டும். புதிய பயிற்றுநர் முதல் பந்தைக் கொடுக்கும் முன் கடைசி நான்கு வாரத்தைப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
சிங்கப்பூரில் பெண்கள் வேகப்பந்துவீச்சைப் பயிற்றுவிப்போர் சிலர்