இடிபாட்டில் எடுத்த படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். பெர்லினில் குளிர் இன்னும் விடவில்லை. அம்மா அனுப்பிய பருப்புப்பொடி தீரப்போகிறது.

போன ஞாயிறு ஒரு பழைய படம் பார்த்தேன். டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்த உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘கொலைகாரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்’ என்று பெயர். போருக்குப் பின் ஜெர்மானியர்கள் எடுத்த முதல் கதைப்படம். மேற்கு நாட்டு அதிகாரிகள் கைவிரித்துவிட, சோவியத் படைகளின் பிடியில் இருந்த பகுதியில்தான் அனுமதி கிடைத்திருக்கிறது. 1946 அக்டோபர் 15 அன்று வெளியானது. மறுநாள் விடிவதற்குள் நியூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்களைத் தூக்கில் போட்டார்கள்.

தெருக் காட்சிகளில் தெரிவது நிஜமாகவே இடிந்து கிடந்த பெர்லின். ஒரு வீட்டில் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாமல் எக்ஸ்ரே ஃபிலிம்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவருடைய எலும்புகளின் வழியாக வெளிச்சம் வருகிறது அப்பா! அந்த வீட்டில் ஒரு டாக்டர் குடித்தே அழிந்துகொண்டிருக்கிறார். போலந்தில் கிறிஸ்துமஸ் இரவில் ஊர்மக்களைச் சுடச் சொன்ன கேப்டனைத் தடுக்க முடியாதவர். அந்தக் கேப்டனோ இப்போது முதலாளி. ராணுவத் தலைக்கவசங்களைச் சமையல் பாத்திரமாக மாற்றி விற்கிறான். நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம். அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை என்பதுதான் என்னை வதைக்கிறது.

முதலில் எழுதிய கதையில் டாக்டர் அவனைச் சுட்டுவிடுவாராம். அவரவரே தண்டனை கொடுக்கக் கூடாது என்று சோவியத் தரப்பு சொன்னதால் முடிவை மாற்றியிருக்கிறார்கள். அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் வதைமுகாமிலிருந்து திரும்பிய கதாநாயகி சூசன்னேயிடம் அங்கே என்ன நடந்தது என்று படம் கேட்கவே இல்லை. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

இயக்குநர் வொல்ஃப்காங் ஸ்டவுட்டே, நாஜிக் காலத்தில் யூதர்கள்மீது வெறுப்பைத் தூண்ட எடுத்த ஒரு படத்தில் சிறு வேடம் போட்டவர். அதே மனிதர்தான் இதையும் எடுத்திருக்கிறார். அது தெரிந்தபின் படம் இன்னும் கனத்தது.

இங்கே டொய்ஃபெல்ஸ்பெர்க் என்று ஒரு குன்று, கடல் மட்டத்திலிருந்து சுமார் 120 மீட்டர் உயரம். கட்டி முடிக்காத நாஜி ராணுவக் கல்லூரியின் மேல், நகரத்தின் இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி எழுப்பியது. இப்போது மரம் மூடியிருக்கிறது. மழை பெய்தால் பாதையில் செங்கல் துண்டு தெரிகிறது. நீங்கள் வரும்போது மெதுவாக ஏறலாம். முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

அன்புடன்,
உங்கள் மகள்